அங்காராவில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகன் இளங்கோவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ‘அப்புறம் பேசுறேம்மா’ என்று நீ அனுப்பிய ஒரு வரியை அப்பா தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறார். துருக்கி மொழிப் பரீட்சை என்னாயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்கக் கூடாதென்று உன் அக்கா உத்தரவு.

உன் அறைத் தோழன், அந்த அஸர்பைஜான் பையன், முன்னாடியே தேறிவிட்டான் என்று அவளிடம் சொன்னாயாமே. அவனுக்குத் துருக்கி நமக்கு மலையாளம் மாதிரி. அவனோடு உன்னை நிறுத்துப் பார்ப்பது என்ன நியாயம்? கஸக், துருக்மென் பிள்ளைகளுக்கும் அது சொந்தக்கார மொழிதான். அரபுப் பிள்ளைகளுக்குச் சொற்கள் ஏராளமாகக் கைவசம் உண்டு. வினையைக் கடைசியில் வைப்பதற்குள் திணறிப் போவார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குத் துருக்கிக்கு 44 வாரம், 1,100 மணி நேர வகுப்பு வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிலையம் கணக்கு வைத்திருக்கிறது. தமிழுக்கும் அதே கணக்கு. அந்த 1,100 மணி நேரத்தை நீ தொட்டிலிலேயே முடித்தவன்.

கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளைச் ‘சித்திய’ மொழிகளோடு உறவு சேர்த்துப் பார்த்தார், துருக்கியும் அதில் அடக்கம். அந்த உறவை இன்றைக்கு மொழியியலார் ஏற்பதில்லை. கட்டுமானம் ஒத்துப்போவது மட்டும் நிஜம். ‘புத்தகம் படித்தேன்’, ‘புத்தகத்தைப் படித்தேன்’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே அங்கே உண்டு: கித்தாப் ஒக்குதும், கித்தாபு ஒக்குதும். ‘வந்து போனான்’ என்பது கெலிப் கித்தி. நம் உடம்படுமெய்கூட இருக்கிறது. வண்டி வண்டியை ஆவது போல அரபா அரபாயு ஆகும். புள்ளி இல்லாத அந்த ஆங்கில ‘ஐ’ (ı) எழுத்துக்கு மற்றவர்கள் மாதக் கணக்கில் வாயைக் கோணுகிறார்கள். ‘காசு’ என்பதன் கடைசியில் வரும் குற்றியலுகரத்தைச் சொன்னால் உனக்கு வேலை முடிந்தது. ‘வந்தானாம்’ என்பதற்குக் கெல்மிஷ். ஆனால் காலையில் எழுந்து பனி கிடப்பதைப் பார்த்து நாம் ‘பெய்திருக்கு’ என்போமே, அதற்கும் அவர்களுக்கு அதே மிஷ்தான்: கார் யாமுஷ்.

இதனால்தான் தமிழ்ப் பிள்ளைகள் மொழித் தேர்ச்சியின் முதல் இரண்டு படிகளான ஏ1, ஏ2 வரை ஓடியே போய்விடுவார்கள். அடுத்த படியான பி1 தாண்டும்போது இதே தமிழ்தான் காலை வாரும். தெரிந்த மாதிரியே இருப்பதால் எங்கே தப்பு என்று கண்ணில் படாது.

முதலாவது, உடைமை. ‘வீட்டின் கதவு’ என்று நாம் ஒரு பக்கம் மட்டும் உருபு போடுவோம். அவர்கள் இரண்டு பக்கமும் போடுவார்கள்: எவின் கப்புசு, அதாவது வீட்டின் அதன்-கதவு. அந்தச் ‘சு’வை விடாதே. ‘எனக்கு ஒரு தம்பி இருக்கான்’ என்பதையும் நான்காம் வேற்றுமையில் சொல்லாதே. பெனிம் கர்தெஷிம் வார், ‘என்னுடைய என்-தம்பி உண்டு’.

அடுத்தது பெயரெச்சம், நிறையப் பேர் விழும் இடம். ‘அம்மா கொடுத்த புத்தகம்’ நமக்கு ஒரு சிரமமும் இல்லை. அங்கே அன்னெமின் வெர்தியி கித்தாப்: அம்மாவுக்கு ஆறாம் வேற்றுமை, வினையிலும் ‘அவளுடைய’ என்ற ஒட்டு. நாம் அம்மாவை எழுவாயாகவே விட்டுவிடுவோம், வாக்கியம் நொண்டும். இது கட்டுரைத் தாளில் வரிக்கு வரி வரும் அமைப்பு, மார்க் இங்கேதான் போகும்.

வேற்றுமையை வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய். அவர்கள் பஸ்ஸில் ஏறுவதில்லை, பஸ்ஸுக்கு ஏறுகிறார்கள். வேலையை ஆரம்பிப்பதில்லை, வேலைக்கு ஆரம்பிக்கிறார்கள். நாயிலிருந்து பயப்படுகிறார்கள். நோட்டில் வெறும் வினையை மட்டும் எழுதினால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உச்சரிப்பு. கப்பு என்றால் கதவு; ‘அப்பா’வில் வரும் ப. அதைக் ‘கபம்’ என்பதில் வருவது போல மெலித்தால் ‘அதன் பாத்திரம்’ ஆகிவிடும். இரண்டு உயிருக்கு நடுவே வல்லினத்தை மெலிப்பது நம் பழக்கம், அதனால் காது ஏமாற்றும். வாய்விட்டுப் படி. மனசுக்குள் படித்தால் இது தெரியவே தெரியாது. உயிர் ஒத்திசைவும் அப்படித்தான்: சொல்லின் கடைசி உயிரைப் பார்த்துப் பன்மைக்கு லார், லெர் போடு, சாஅத் (மணி) மாதிரி இரவல் சொல் சில மட்டும் முரண்டு பிடித்து சாஅத்லெர் என்று வரும். வாய் பழகினால் விதி தேவையில்லை.

இத்தனை இருக்க, அறையில் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருப்பதாக அக்கா சொன்னாள். எட்டு வயதில் தொல்காப்பியச் சூத்திரம் ஒப்பித்த வாய் அது. தோல்முஷில், அந்த ஷேர் வேனில், இறங்கும்போதாவது ‘இனெஜெக் வார்’ (இறங்க ஆள் இருக்கு) என்று சத்தமாகச் சொல்கிறாயா, இல்லை யாராவது இறங்கும் வரை பேசாமல் உட்கார்ந்திருக்கிறாயா?

சி1 இல்லாமல் பட்டவகுப்புக்குள் விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், அப்பாவிடம் சொல்லவில்லை. வாய்விட்டுப் படி ராசா.

‘அம்மா கொடுத்த புத்தகம்’ அமைப்பில் பத்து வாக்கியம் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டோ எடுத்து அனுப்பு. திருத்தித் தருகிறேன். எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது. பரீட்சையைப் பற்றி என்றாலும் சரி, இலக்கணத்தை மட்டும்தான் திருத்துவேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பணம் தேவையென்றால் அக்காவைக் கேட்காதே, என்னைக் கேள்.