கிழித்துப் போட்ட அறிக்கை

ஆசிரியருக்கு வணக்கம்.

வட அயர்லாந்தின் அமைதியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும், பிரிட்டனோடு இருப்பதா அயர்லாந்தோடு சேர்வதா என்ற முப்பதாண்டு மோதலை முடித்த 1998 புனித வெள்ளி உடன்பாட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போட்டதும் எல்லாம் தீர்ந்துவிட்டது போல!

1972 ஜனவரி 30 அன்று டெரி நகரில் ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. அன்றே 13 பேர் இறந்தார்கள். மூன்று மாதத்துக்குள் வந்த, அரசு நியமித்த நீதிபதி விட்ஜரியின் அறிக்கை சிப்பாய்களைக் காப்பாற்றி, செத்தவர்கள் மீதே சந்தேகத்தைக் கிளப்பியது. 38 ஆண்டுகள் கழித்து, சுட்டது நியாயமல்ல என்று மறுபடி நடந்த சாவில் விசாரணை சொன்ன முடிவை ஏற்றுப் பிரதமர் கேமரூன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். டெரி சதுக்கத்தில் பெரிய திரையில் அதைப் பார்த்த கூட்டம் ஆரவாரம் செய்தது; விட்ஜரி அறிக்கையின் பிரதியை அங்கேயே கிழித்துப் போட்டார்கள். உடன்பாட்டின் எந்தப் பிரிவும் அந்த மக்களுக்கு இதைத் தந்திருக்காது.

வழக்கறிஞர் பாட் ஃபினுகேன் கதை வேறு. 1989இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி மக்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை வீடு புகுந்து சுட்டது ஆயுதக் குழு. அதில் அரசுத் தரப்பினருக்கும் கூட்டு இருந்ததை 2012இல் அரசே ஒப்புக்கொண்டது. ஆனால் பொது விசாரணைக்கான அறிவிப்பு 2024இல்தான் வந்தது. இதற்கிடையே, பழைய வழக்குகளை மூடிவைக்க 2023இல் ஒரு சட்டம் வேறு!

பழையதைக் கிளறினால் அமைதி கெடும் என்கிறார்கள். அந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்த பிள்ளைகளில் ஒருவர் இன்று பெல்பாஸ்ட் வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர். அவரிடம் போய் மறந்துவிடச் சொல்ல எனக்கு வாய் வராது.

- வாசகர், திருநெல்வேலி