தெரபி வீட்டுக்கும் வகுப்பறைக்கும் வரட்டும்

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பிள்ளைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி கொடுப்பது, அதாவது அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்குவது, என் வேலை. துறை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. சிறப்புச் சக்கர நாற்காலி தருகிறீர்கள். கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனமும் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: தெரபிஸ்ட்டைப் பிள்ளையின் வீட்டுக்கும் பள்ளிக்கும் அனுப்புங்கள். அங்கே செலவாகும் நேரத்தையும் பணி நேரமாகவே கணக்கில் எடுங்கள்.

தானே சட்டை போடுவது, ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவது என்று கையால் செய்யும் வேலைகளில் குறிப்பிட்ட ஒன்றைக் கற்க 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கின்றன ஆய்வுகள். தெரபி மையத்தில் வாரம் இரண்டு தடவை அரை மணி நேரம் கிடைத்தால், ஒரே ஒரு வேலைக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். அதுவும் ஒரு நாளும் விடாமல் வந்தால்தான். எண்ணூரிலிருந்து எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பஸ் மாறி வருகிற அம்மாவால் அது முடியுமா? அன்றைய கூலியும் போச்சு. மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். அதே பயிற்சி வீட்டில் தினமும் அரை மணி நேரம் நடந்தால் நாலிலிருந்து ஏழு வாரம் போதும்.

வியாசர்பாடியில் ஒரு சிறுமி. வலது கை இறுக்கம். மையத்தில் பெக் போர்டில், அதாவது துளை போட்ட பயிற்சிப் பலகையில், குச்சிகளை அழகாக அடுக்குவாள். வீட்டில் போய்ப் பார்த்தால் அம்மா ஊட்டிவிடுகிறார். தரையில் வைத்த தட்டு அவள் கை பட்டதும் நழுவிக்கொண்டே போகிறது, அதுதான் சிக்கல். தட்டுக்கடியில் ஈரத்துணி விரித்தோம். ஸ்பூன் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினோம். பாதம் தரையில் பதியும்படி சின்ன முக்காலியில், முதுகு சுவரில் சாய உட்கார வைத்தோம். அப்புறம் தோசை. வலது கை தோசையை அழுத்திப் பிடிக்க, இடது கை பிய்க்க வேண்டும். இரண்டு கையையும் சேர்த்துப் பழக்க இதைவிட நல்ல பயிற்சியை நான் மையத்தில் தந்ததில்லை.

ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, நன்றாக இயங்கும் கையில் கையுறை மாட்டி, மற்றக் கையை விளையாட்டில் ஈடுபடுத்தும் முறையும் நல்ல பலன் தருகிறது. அதையும் வாரக்கணக்கில், அடிக்கடி, நிறைய நேரம் செய்தாக வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில் அதைத் தொடங்கிப் பயனில்லை.

படுக்கவைத்துக் கை காலை நீட்டி மடக்குவதுதான் தெரபி என்று இன்னும் பல பெற்றோர் நம்புகிறார்கள். அப்படி நம்ப வைத்தது தெரபிஸ்ட்டுகளான நாங்கள்தான். 2022-இல் வெளியான சர்வதேச சிகிச்சை வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது: எதைக் கற்க வேண்டும் என்பதைப் பிள்ளையும் குடும்பமும் தேர்ந்தெடுக்கட்டும், அந்த வேலையை முழுதாக, அது நடக்கிற இடத்திலேயே பழகட்டும்.

பள்ளிக்கும் இது பொருந்தும். பெஞ்சில் கால் தொங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, விழாமல் உட்காரவே தெம்பெல்லாம் போய்விடுகிறது. எழுத என்ன மிஞ்சும்? காலுக்கடியில் ஒரு பலகை, கழிப்பறையில் ஒரு கைப்பிடி, சட்டைப் பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய வசதிகளைச் செய்து தரச் சொல்கிறது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று நிரம்பி வழியும் வகுப்பை வைத்திருக்கும் டீச்சர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அங்கே வந்து பார்க்க ஒரு தெரபிஸ்ட் வேண்டும்.

எங்கள் பதிவேட்டில் இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுகிறோம். இந்த மாதம் பிள்ளை புதிதாக என்ன செய்கிறாள் என்று எழுத அதில் இடமில்லை. அந்த ஒரு கட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது, திருவொற்றியூர் மண்டலத்திலோ தண்டையார்பேட்டை மண்டலத்திலோ இதைத் தொடங்க உத்தரவிடுங்கள். ஒவ்வொரு தெரபிஸ்ட்டுக்கும் வாரத்தில் இரண்டு நாள் வெளிப்பணி, போக்குவரத்துச் செலவு, பலகையும் கைப்பிடியும் செய்யும் உள்ளூர் தச்சருக்குக் கொடுக்க ஒரு சிறு தொகை. இவ்வளவு இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
வடசென்னையில் பணிபுரியும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்