பரிசுச் சுற்றுலா வேண்டாம், மேட்ச் ஆட அனுப்புங்கள்

பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அழைத்துப்போவது உங்களுக்குப் புதிதில்லை. 2022ல் துபாய், சார்ஜாவுக்குக் கூட்டிப்போனீர்கள், அதற்குப் பிறகும் பிள்ளைகள் போய்வந்திருக்கிறார்கள். போட்டிகளில் ஜெயித்தவர்களுக்கு அது பரிசு. நல்ல விஷயம்தான், குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் கேட்பது வேறு. பதினான்கு பதினைந்து வயதுப் பையன்கள் ஆடும் ஒரு பள்ளிக் கால்பந்து அணியை, மொத்த அணியாகவே வெளிநாட்டுக்கு அனுப்புங்கள். பரிசாக இல்லை, மேட்ச் ஆட.

ஏன் என்று கேட்பீர்கள். நம்முடைய ஒரு அரசுப் பள்ளி அணியின் வருடத்தைப் பாருங்கள். பள்ளி திறந்ததும் பி.டி. சார் பையன்களைச் சேர்க்கிறார், சாயங்காலம் கொஞ்ச நாள் பிராக்டிஸ், அப்புறம் பக்கத்துப் பள்ளிகளோடு மோதும் குறுவட்டப் போட்டி. அது நாக்-அவுட், ஒரு மேட்ச் தோற்றால் வெளியே. முதல் மேட்ச்சில் டைபிரேக்கரில் ஒருத்தன் பந்தைக் கம்பத்தில் அடித்துவிட்டால் அந்த வருடக் கால்பந்து அதோடு முடிந்தது. என்ன தப்பு நடந்தது, அடுத்த மேட்ச்சில் எப்படிச் சரிசெய்வது என்று பேசவே வழியில்லை, ஏனென்றால் அடுத்த மேட்ச் அடுத்த வருடம், அதற்குள் பாதிப் பையன்கள் பத்தாம் வகுப்புக்குப் போயிருப்பார்கள், பப்ளிக் எக்ஸாம் என்று கிரவுண்டுப் பக்கமே விடமாட்டார்கள்.

ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் 1975ல் தொடங்கிய கோத்தியா கோப்பை என்ற சிறுவர் கால்பந்துப் போட்டி இருக்கிறது. ஜூலை மாதம் நடக்கும், 1,500 அணிகளுக்கு மேல் வரும். அங்கே குரூப்பில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் ‘ஏ’ பிரிவு நாக்-அவுட்டுக்குப் போவார்கள், மற்றவர்களும் பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை, ‘பி’ பிரிவில் ஆடலாம். அதாவது, குரூப்பில் எல்லா மேட்ச்சும் தோற்ற அணிக்கும் இன்னொரு மேட்ச் உண்டு. ஓஸ்லோவில் 1972லிருந்து நடக்கும் நார்வே கோப்பை மாதிரியான போட்டிகளுக்கும் அடிப்படை இதுதான், வந்த பிள்ளைகள் ஆடிவிட்டுப் போகவேண்டும். நிறைய அணிகள் தங்குவதும் ஹோட்டலில் இல்லை, விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிக்கூட வகுப்பறைகளில், தரையில் மெத்தை போட்டு. இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், பையன்களைத் தூங்கவைப்பதுதான் சாருக்குப் பெரிய வேலையாக இருக்கும்.

ஆட்டம் எங்கே மாறும் என்று ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நம் மண் தரையில் பந்து எந்தப் பக்கம் குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பையன் பந்தை முதலில் உள்ளங்காலால் மிதித்து நிறுத்துகிறான், குனிந்து பார்க்கிறான், பிறகுதான் தலையைத் தூக்கி யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுகிறான். குறுவட்டத்தில் அதற்கு நேரம் கிடைக்கும். நல்ல டர்ஃபில், சின்ன வயதிலிருந்தே ஓடிவந்து மறித்துப் பழகிய அணியோடு ஆடும்போது கிடைக்காது, அவன் குனிந்த நேரத்தில் பந்து போய்விடும். முதல் மேட்ச்சில் ஐந்து ஆறு கோல் வாங்குவார்கள். மூன்றாவது மேட்ச்சில், பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்ப்பான். பி.டி. சார் இதை நூறு தடவை கத்தியிருப்பார், ஆனால் பந்தைப் பறிகொடுத்தால்தான் அது மண்டையில் ஏறும்.

இந்தியப் பையன்களால் அங்கே ஜெயிக்கவும் முடியும். 2023ல் பஞ்சாபின் மினர்வா அகாடமி கோத்தியாவில் 13 வயதுப் பிரிவில் கோப்பையையே வாங்கியது, 2025ல் இன்னொரு பிரிவில் மறுபடியும். ஆனால் அது விடுதியில் தங்கவைத்து வருடம் முழுக்கப் பயிற்சி கொடுக்கும் இடம், அதைக் காட்டி நம் பள்ளி அணியிடம் கோப்பை கேட்காதீர்கள். ஏழு கோல் வாங்கினால் ‘மக்கள் வரிப்பணத்தில் தோல்விப் பயணம்’ என்று யாராவது எழுதத்தான் செய்வார்கள். எழுதட்டும்.

இப்போது தனியாரில் வெளிநாட்டு டூர் ஒரு தனி வியாபாரமாகவே ஆகிவிட்டது. எங்கள் பகுதியில் ஒரு அகாடமி இப்படி ஐரோப்பாவுக்கு அணியைக் கூட்டிப்போனது, பெயர் வேண்டாம். அந்த அணியில் எப்போதும் ஆடும் ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் பையன், போகவில்லை, அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், கேட்ட பணத்தைப் புரட்ட முடியவில்லை. அதுவரை பெஞ்சில் இருந்த பையன் அவன் இடத்தில் ஆடினான். திரும்பி வந்து போட்ட போட்டோக்களில் கிரவுண்டைவிட கோபுரங்கள்தான் அதிகம். பணம் கட்டியவர்கள் போகிறார்கள், அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் பணம் கட்ட முடியாத ஸ்டாப்பர் பேக்கை அனுப்ப அரசாங்கத்தை விட்டால் யார் இருக்கிறார்கள்? தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை வழியாகத் தனித்தனி வீரர்களுக்கு வெளிநாடு போக உதவுகிறீர்களே, அதில் ஒரு பள்ளி அணிக்கும் இடம் கொடுங்கள்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் காகிதம். 2013ல் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தரும் ஜார்க்கண்டின் யுவா அமைப்பிலிருந்து ஸ்பெயினுக்குப் போய் காஸ்தேஸ் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த கிராமத்துப் பெண்கள், பாஸ்போர்ட்டுக்காகப் பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் பஞ்சாயத்து அலுவலகம் போனபோது அறை வாங்கியதாகச் சொன்னார்கள். நம் ஊரில் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் ஆதாரில் ஒரு தேதி, டி.சி.யில் ஒரு தேதி, அப்பா பெயரில் ஒரு எழுத்து கூடுதல், இதெல்லாம் எந்த வகுப்பிலும் பார்க்கலாம். 18 வயதுக்குக் கீழ் பாஸ்போர்ட் கட்டணம் 1,000 ரூபாய்தான், அலைச்சலுக்குத்தான் கணக்கில்லை. ஐரோப்பிய விசாவுக்குப் பெற்றோரின் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், கூலி வேலைக்குப் போகிறவர் எதைக் காட்டுவார்? துறையே செலவை ஏற்பதாக ஒரு கடிதம் கொடுத்தால்தான் நகரும். இதில் ஒரு நன்மையும் உண்டு, வயதைக் குறைத்து ஆடவைக்கும் நம் ஊர் வித்தை பாஸ்போர்ட் எடுக்கும்போதே வெளியே வந்துவிடும்.

ஸ்வீடனா, செலவு தாங்காது என்று கைவிரிப்பீர்கள். சரி, யாழ்ப்பாணத்திலிருந்து ஆரம்பியுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு விமானம் இருக்கிறது, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட்டார்கள், மழைக்காலத்தைத் தவிர்த்துக்கொள்ளலாம். புனித பத்திரிசியார் கல்லூரி, இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி மாதிரி தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து ஆடும் பள்ளிகள் அங்கே இருக்கின்றன, தமிழிலேயே பேசிக்கொள்ளலாம், சாப்பாட்டுக் கவலை கிடையாது. ஒரு வாரம் தங்கி நான்கைந்து பள்ளிகளோடு ஆடிவிட்டு, அடுத்த வருடம் அவர்களை இங்கே அழைக்கலாம். அதற்கடுத்து சிங்கப்பூர், மலேசியா. ஐரோப்பா பிறகு வரட்டும்.

அனுப்பும்போது கோல் அடிக்கிறவனை மட்டும் பொறுக்கி எடுக்காமல் பதினெட்டுப் பேரையும் அனுப்புங்கள். பி.டி. சார் கண்டிப்பாகப் போகவேண்டும், அங்கே பார்ப்பதை அடுத்தடுத்து வரும் பையன்களுக்குச் சொல்லித்தரப்போவது அவர்தான். துறையிலிருந்து ஒருவர் போதும். ஊர் சுற்றிப்பார்க்க ஒரு மத்தியானம் ஒதுக்கினால் போதும், பையன்களும் அதற்குமேல் கேட்கமாட்டார்கள். எந்தப் பள்ளி என்று குழம்பினால் கால்பந்து ஊறிப்போன எங்கள் வியாசர்பாடி பக்கம் ஒரு சாயங்காலம் வந்து பாருங்கள், இல்லை குமரி மாவட்டத்துத் தூத்தூருக்குப் போங்கள். கோடை விடுமுறையில் போவதென்றால் ஜனவரிக்குள் அணி முடிவாகி பாஸ்போர்ட் வேலை தொடங்கியிருக்க வேண்டும். அந்தக் கோப்பில் யாராவது ஒருவர் இப்போதே கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து ஒரு கால்பந்து ரசிகன்