டெஸ்ட் பேட்டர்ன் பெட்டிகளை எடைக்குப் போடும் முன்

தொலைக்காட்சி நிலையங்களின் பொறியியல் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும் ஒளிபரப்பு அருங்காட்சியகங்களை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிலையத்தின் ஏதோ ஒரு பழைய ரேக்கிலோ, ஸ்டோர் ரூமில் உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னாலோ ஒரு டெஸ்ட் பேட்டர்ன் ஜெனரேட்டர், அதாவது டிவியைச் சரிபார்க்கத் திரையில் காட்டும் பட்டைகளும் வட்டங்களும் கொண்ட சோதனைப் படத்தை சிக்னலாக உருவாக்கும் பெட்டி, தூசி படிந்து கிடக்கலாம். அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியதோடு அதற்கு வேலை போய்விட்டது, அடுத்த முறை கிடங்கைக் காலி செய்யும்போது அதுவும் எடைக்குப் போய்விடும். அப்படிப் போவதற்குள் சில வேலைகளைச் செய்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

"அந்தப் படம்தான் இணையம் முழுக்கக் கிடைக்கிறதே, டி-ஷர்ட்டில்கூடப் போட்டு விற்கிறார்களே, பெட்டி எதற்கு?" பழைய கருவிகளைப் பழுது பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பதில் பழகிப்போனது. படம் பிழைத்துக்கொண்டது, சரி. சிக்னல் பிழைக்கவில்லையே! இரண்டும் வேறு என்று உங்களுக்குத் தெரியும், கழிவுப் பட்டியல் போடுகிறவருக்குத் தெரியாது. அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த எஸ்.எம்.பி.டி.ஈ. (திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கம்) கலர் பாரையே எடுத்துக்கொள்வோம். 1970களில் சி.பி.எஸ். என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவாகி 1978-ல் தரநிலையானது. மேலே சாம்பல், மஞ்சள், சயான், பச்சை, மஜெந்தா, சிவப்பு, நீலம் என்று ஏழு பட்டைகள், வெளிச்சம் படிப்படியாக இறங்கும் வரிசையில். கீழே வலப்பக்க மூலையில் கருப்புக்குள் கருப்பாக மூன்று மெல்லிய கோடுகள் இருக்கும், ப்ளூஜ் என்பார்கள். ஒன்று கருப்பு அளவைவிட 4 ஐ.ஆர்.இ. (வீடியோ சிக்னலை அளக்கும் அலகு) கீழே, ஒன்று கருப்பிலேயே, இன்னொன்று 4 மேலே. மேலே இருப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்து, மற்ற இரண்டும் பிரித்தறிய முடியாமல் ஒன்றோடொன்று கலக்கும் வரை பிரைட்னஸைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். இப்போது அதே பேட்டர்னைக் கணினியில் ஒரு படக் கோப்பாகத் திறந்து பாருங்கள். கணினியில் கருப்பு என்றால் 0, அதற்குக் கீழே எண்ணே கிடையாது. ஆகவே கருப்புக்கும் கீழான அந்தக் கோடு பக்கத்துக் கருப்போடு சேர்ந்து காணாமல் போயிருக்கும். பார்ப்பதற்கு அதே படம்தான், ஆனால் எந்த வேலைக்காக அந்தக் கோட்டை வைத்தார்களோ அந்த வேலை அதில் நடக்காது.

இன்னொன்றும் உண்டு. பி.பி.சி.யின் டெஸ்ட் கார்டு எஃப் என்ற சோதனைப் படத்தில் இருக்கும் கோட்டுக் கட்டங்கள் 1.5, 2.5, 3.5, 4.0, 4.5, 5.25 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களுக்கானவை. நுண்ணிய கட்டம் சாம்பலாக மங்கினால் கேபிளிலோ டிரான்ஸ்மிட்டரிலோ ரிசீவரிலோ உயர் அதிர்வெண் அடிபடுகிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். படக் கோப்பில் மெகாஹெர்ட்ஸ் என்று எதுவும் இல்லை, வெறும் புள்ளிகள்தான். யாராவது அதைப் பெரிதாக்கிச் சிறிதாக்கி இரண்டு தடவை ஜேபெக்காகச் சேமித்துவிட்டால் அந்தக் கட்டங்கள் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கார்டைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. 1967 ஜூலையில் வந்தது, வடிவமைத்தவர் ஜார்ஜ் ஹெர்ஸி, நடுவில் இருக்கும் சிறுமி அவர் மகள் கரோல். பக்கத்தில் இருக்கும் கோமாளிப் பொம்மையின் உடல் முதலில் நீலமும் வெள்ளையுமாகத்தான் இருந்ததாம். சிவப்பும் நீலமும் இருக்கிறது, பச்சையைக் காணோமே என்று பொறியாளர்கள் அதற்குப் பச்சைத் துணி சுற்றிவிட்டார்கள். அந்தச் சிறுமி பலகையில் போட்டிருக்கும் பெருக்கல் குறிகளில் ஒன்று சரியாகத் திரையின் மையம். விளையாட்டாகத் தெரிவதெல்லாம் அளவுகோல்!

ஆனால் அன்றைக்கு அது ஒரு ஸ்லைடு, அதை ஸ்கேனர் ஒன்று சிக்னலாக மாற்றிக் கொடுத்தது. ஸ்லைடு வெளுக்கும், ஸ்கேனரும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிழை சேர்க்கும். 1984-ல்தான் அது மின்னணு வடிவத்துக்கு மாறியது. ஸ்லைடுக்கும் முந்தைய வழி மானோஸ்கோப். எனக்கு மிகவும் பிடித்த சாதனமே அதுதான். கேமரா குழாய் போலவே ஒரு வெற்றிடக் குழாய், உள்ளே ஓர் அலுமினியத் தகடு, அதன் மேல் கார்பன் மையில் அச்சடித்த படம். எலக்ட்ரான் கற்றை தகட்டை வரி வரியாக வருடும்போது அலுமினியம் இரண்டாம் நிலை எலக்ட்ரான்களை அதிகமாகவும் கார்பன் குறைவாகவும் உமிழும், அந்த வித்தியாசமே சிக்னல். லென்ஸ் இல்லை, விளக்கு இல்லை. ஒரு குழாய்க்கு ஆயுசுக்கும் ஒரே படம். ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க மின்னணு நிறுவனம் 1939-ல் கொண்டுவந்த, செவ்விந்தியத் தலைவரின் தலை பதிந்த அந்தப் புகழ்பெற்ற பேட்டர்ன் இப்படித்தான் வீடுகளுக்குப் போனது. அதன் மூல ஓவியத்தின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1970-ல் நியூஜெர்சியின் ஹாரிசனில் பழைய ஆர்.சி.ஏ. ஆலையை இடித்தபோது குப்பைத் தொட்டியில் கிடந்ததை, இடிக்க வந்த தொழிலாளி ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டார். அவர் கண்ணில் பட்டது தற்செயல். உங்கள் குப்பைத் தொட்டிக்கு அப்படி ஒருவர் வருவார் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா?

அப்புறம் வந்தது பிலிப்ஸ் பி.எம். 5544. டென்மார்க்கில் ஃபின் ஹெண்டில் என்ற பொறியாளர் உருவாக்கிய அந்த வட்டப் பேட்டர்னைப் பார்க்காத நாடுகள் குறைவு. ஸ்லைடும் கிடையாது, குழாயும் கிடையாது, எல்லாம் மின்சுற்று வேலை. நேர்க்கோடு போடுவது சுலபம், ஒவ்வொரு வரியிலும் அதே நொடிக்கூறில் சிக்னலை மாற்றினால் போதும். வட்டம் அப்படியில்லை. வரிக்கு வரி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் மாறிக்கொண்டே போக வேண்டும், அது துளி பிசகினாலும் விளிம்பில் மேடு தட்டும். திரையில் வட்டம் முட்டையாகத் தெரிந்தால் பழுது ரிசீவரில் என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால், ஜெனரேட்டரின் வட்டத்தில் குறையே இருக்கக் கூடாது.

இனி அவசரத்தின் காரணம். பிற்பாடு வந்த பல ஜெனரேட்டர்கள் பேட்டர்னை ஈப்ராம் எனும் நினைவகச் சில்லுகளில் வைத்திருக்கின்றன. மேலே சின்னக் கண்ணாடி ஜன்னல், அதன் மேல் ஒரு ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் பதிப்பு எண் பேனாவால் எழுதியிருக்கும். உள்ளே தகவல் இருப்பது சிறைப்பட்ட மின்னூட்டமாக. அது மெல்லக் கசியும், பசை காய்ந்து ஸ்டிக்கர் உதிர்ந்தால் வெளிச்சம் புகுந்து இன்னும் வேகமாக அழியும். பெட்டி ஓடாமல் அலமாரியில் பத்திரமாக இருந்தாலும் இது நடக்கும். அருங்காட்சியக நண்பர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: கண்ணாடிப் பேழையில் வைத்துவிட்டால் காப்பாற்றியதாகாது. முன்பலகை பளபளவென்று இருக்கும், உள்ளே சில்லு காலியாகிக்கொண்டிருக்கும்.

எனவே கேட்பது இதுதான். முதலில், வேலை செய்கிறதா பார்ப்போம் என்று நேராக பிளக்கில் செருகாதீர்கள். பல ஆண்டு சும்மா கிடந்த பவர் சப்ளையில் கெபாசிட்டர்கள் கெட்டிருந்தால், மின்னழுத்தம் எகிறி நல்ல சில்லுகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். சில்லுகளைப் படிக்கப் பெட்டி ஓடவே தேவையில்லை. போர்டைப் படம் எடுத்து, எந்தச் சில்லு எந்தச் சாக்கெட்டில் என்று குறித்துக்கொண்டு, கழற்றி, சாதாரண புரோகிராமரில் (சில்லைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) படிக்கலாம். ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் சாகக் கிடக்கிறது என்று பொருள், அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். படித்த கோப்பின் பெயரில் ஸ்டிக்கரில் உள்ளதை அப்படியே போடுங்கள். நிலையத்தின் பெயர் பதிந்த சில்லு இருந்தால் அதையும் விடாதீர்கள், உங்கள் நிலையத்தைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடைக்காது.

பெட்டி இன்னும் ஓடுகிறதென்றால் அதைவிட நல்லது. வெளியீட்டை ஒழுங்காக டிஜிட்டைஸ் செய்து, சின்க் பல்ஸும் (வரிகளை ஒத்திசைக்கும் துடிப்பு) கலர் பர்ஸ்ட்டும் (நிறத்துக்கான ஒப்பீட்டு சிக்னல்) உட்பட முழு அலைவடிவமாகச் சேமியுங்கள், திரையை செல்போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள்.

கடைசியாக சர்வீஸ் மேனுவல். பெட்டியைக் கொடுக்க மனமில்லாவிட்டாலும் இதையாவது ஸ்கேன் எடுத்துப் பொதுவில் வையுங்கள். எடுப்பவரிடம் மடித்து வைத்த பெரிய தாள்களை விரித்து எடுக்கச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைக்கும் மேனுவல் பலவற்றில் முன்னுரை முதல் உதிரிப் பாகப் பட்டியல் வரை எல்லாம் இருக்கும், சர்க்யூட் படம் வரும் பக்கத்தில் மட்டும் மடித்த தாளின் கால்வாசிதான் தெரியும்.

இப்படிக்கு,
பழைய டெஸ்ட் சிக்னல் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒருவன்