கடினமான வால்வு ஸ்பிரிங்கைத் தனியாக ஏன் தருவதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியில் உள்ள எங்கள் உதிரிப்பாகக் கடைக்கு வந்து, எஞ்சின் வால்வைத் திரும்ப மூடும் ஸ்பிரிங்கில் கடினமானதை மட்டும் கேட்டு வெறுங்கையுடன் திரும்பியவர்கள் சிலர் இருக்கிறீர்கள். பொருளை வைத்துக்கொண்டே இல்லை என்கிறோமோ என்று ஒருவர் மனம் நொந்து கேட்டார். பொருள் இருக்கிறது. தராததற்குக் காரணமும் இருக்கிறது.

எங்கள் மேசையில் ஒரு பிஸ்டன் வைத்திருக்கிறோம். அதன் தலையில் நகம் பதிந்ததுபோல் பிறை வடிவத் தழும்பு. கொக்குவிலில் இருந்து வரும் ஒரு தம்பி, வால்வைத் தள்ளித் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டில், அதிகம் தூக்கும் ஒன்றை எங்களிடம் வாங்கி, வீட்டு முற்றத்தில் தானே பூட்டினார். வேலையில் பிழையில்லை. ஸ்பிரிங் மட்டும் பழையது. ஆனையிறவு நேர்வீதியில் வேகம் கூட்டியபோது வால்வு நேரத்துக்கு மூடவில்லை. மேலே வந்த பிஸ்டன் அதை இடித்து வளைத்துவிட்டது. கேமை விற்ற நாங்கள் ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

எஞ்சின் நிமிடத்துக்கு 8000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 4000 தடவை திறந்து மூடுகிறது. நொடிக்கு 66 தடவைக்கு மேல். கேம் தள்ளித் திறக்கும், ஸ்பிரிங் இழுத்து மூடும். ஸ்பிரிங் தளர்ந்தால் வால்வு பின்தங்கும். பழைய கேமுக்குத் தேவையில்லாமல் கடின ஸ்பிரிங் போட்டாலோ, அந்தக் கூடுதல் அழுத்தம் கேமின் மூக்கையும், அதன் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் ரொக்கரின் முகத்தையும் அரைத்துத் தின்னும். வேகமும் கூடாது. ஆகவே கேமையும் அதற்கேற்ற ஸ்பிரிங்கையும் இனிச் சோடியாகவே தருவோம்.

வீட்டில் பூட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிஸ்டன் தலையில் சிறுவர்கள் விளையாடும் களிமண்ணைத் தட்டையாக ஒட்டி, எண்ணெய் தடவி, வால்வுகள் இருக்கும் மேற்பகுதியான ஹெட்டைப் பூட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச்சுற்றுச் சுற்றுங்கள். திரும்பக் கழற்றினால் வால்வு பதிந்த இடம் தெரியும். அந்த இடத்தை வெட்டிக் கனத்தை அளந்து பாருங்கள்; 1.5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பூட்ட வேண்டாம், கொண்டு வாருங்கள். கையால் சுற்றும்போது எங்காவது தட்டினால் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள். கேமைச் சுழற்றும் டைமிங் செயின் ஒரு பல் தவறியிருக்கலாம்.

ஆனால் உங்களில் பெரும்பாலானோருக்குப் புதிய கேம் தேவையே இல்லை என்பதுதான் எங்கள் எண்ணம். வேகம் குறைந்துவிட்டது என்று வரும் வண்டிகளில் நாங்கள் முதலில் பார்ப்பது டப்பட் இடைவெளியை, அதாவது மூடிய வால்வின் நுனிக்கும் ரொக்கருக்கும் நடுவே விடும் இடைவெளியை. சிறிய எஞ்சின்களில் அது பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரை. உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில், வால்வுகள் மூடி, பிஸ்டன் அமுக்கத்தின் உச்சியில் நிற்கும்போது அளக்க வேண்டும். அளவெடுக்கும் தகடு இடைவெளியில் மெல்லிய இழுவையுடன் நகர வேண்டும். வெண்ணெயில் கத்தி போகும் அளவுக்கு இலகுவாகவும் கூடாது, சிக்கவும் கூடாது.

டப்பட் சத்தம் பிடிக்கவில்லை என்று இறுக்கிவிடுபவர்களை நினைத்தால் எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. புகை போகும் வால்வு தன் சூட்டை ஆற்றிக்கொள்வது, மூடும்போது தான் பொருந்தும் வளையமான இருக்கையில் அமரும் அந்தக் கணத்தில்தான். இடைவெளி இல்லாவிட்டால் அது முழுதாக அமராது; விளிம்பு எரிந்துபோகும். சற்றுச் சத்தமிடும் எஞ்சினைவிட, சத்தமே இல்லாத எஞ்சினைத்தான் நாங்கள் சந்தேகிப்போம்.

தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் வண்டி ஓடிய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரி படிந்த வால்வைக் கழற்றிச் சுரண்டி, தேய்த்து மட்டமாக்கும் அரைபசை தடவி, வால்வைப் பிடித்த தடியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி இருக்கையில் அமர்த்துவது அன்று பலருக்கும் கைவந்த வேலை. அமர்ந்ததா என்று பார்க்க அதே மண்ணெண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். ஒரு துளியும் கசியக் கூடாது. இன்றும் அதைவிடச் சிறந்த சோதனை வீட்டில் செய்ய முடியாது. முடிந்ததும் அரைபசையை ஒரு துணிக்கை மிஞ்சாமல் கழுவுங்கள். எண்ணெய் உள்ளே இறங்காமல் தடுக்கும் வால்வு சீலைப் புதிதாக மாற்றுங்கள்.

பழைய கேமுக்குரிய சாதாரண ஸ்பிரிங் வாங்க வரும்போது பழையதையும் எடுத்து வாருங்கள். அதன் நீளத்தை உங்கள் முன்னாலேயே அளந்து காட்டுவோம். தேய்மானம் அளவுக்குள் இருந்தால் புதியதை விற்க மாட்டோம்.

நன்றியுடன்,
கடையினர்