கட்டாய உழைப்பைத் தடுக்கச் சிறு நிறுவனங்களுக்குத் துணை கோரும் மனு

அனுப்புநர்:
உரிமையாளர்,
பேக்கிங் பொருட்கள் தயாரிக்கும் சிறு நிறுவனம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
தொழிலாளர் துறை.

பொருள்: ஆள் எடுத்துத் தரும் ஏஜென்ட்டுகளின் பொதுப் பதிவேடு, அச்சமின்றிப் புகார் செய்ய வழி – கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். 30 பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் நிறுவனம் எங்களுடையது. அட்டைப்பெட்டி, பை, லேபிள் தயாரித்துப் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுக்கிறோம். கொஞ்ச காலமாக ஆர்டரோடு ஒரு கேள்வித்தாளும் சேர்ந்தே வருகிறது. "உங்களிடமோ, உங்களுக்குச் சரக்கு தருபவர்களிடமோ கட்டாய உழைப்பு உண்டா?" 'இல்லை' என்று டிக் அடித்து, முத்திரை குத்தி அனுப்பிவிட்டால் முடிந்தது. அந்த 'இல்லை'யை எதை வைத்துச் சொன்னீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்த மனு.

இந்தத் தாள் எங்கிருந்து வருகிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பிரிட்டன் 2015-ல் கொண்டுவந்த நவீன அடிமைமுறைச் சட்டம், ஆண்டு வரவு 3.6 கோடி பவுண்டும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களைத்தான், கட்டாய உழைப்பைத் தடுக்க என்ன செய்தீர்கள் என்று அறிக்கை கேட்கிறது. அவர்கள் தங்கள் சப்ளையரைக் கேட்கிறார்கள், அவர் எங்களைக் கேட்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையோ இன்னும் நேரடியானது. கட்டாய உழைப்பில் உருவான பொருளை 2027 டிசம்பர் முதல் அங்கே விற்கவே முடியாது. தயாரித்தவர் சிறியவரா பெரியவரா என்ற பாகுபாடு அந்தத் தடையில் இல்லை.

எங்கள் கூரைக்குக் கீழே செய்யவேண்டியதை நாங்களே செய்துகொள்ளலாம். அடையாள அட்டையின் நகலை மட்டும் வாங்குவது, சம்பளத்தைத் தொழிலாளியின் சொந்த வங்கிக் கணக்கில் போடுவது, புரியும் மொழியில் சம்பளச் சீட்டு தருவது, ஓவர்டைமுக்கு மறுத்தவரைப் பழிவாங்காமல் இருப்பது. இதற்கெல்லாம் அரசை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

எங்கள் கை எட்டாத இடம் வேறு. லோடு ஏற்ற, அவசர ஆர்டரை முடிக்க ஒப்பந்தக்காரர் ஆள் அனுப்புகிறார். அவருக்கு ஆள் பிடித்துத் தருபவர் இன்னொரு ஏஜென்ட். வேலைக்கு வருபவர் அந்த ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுத்திருப்பார், அதையும் வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருப்பார். முதல் நாள் வேலைக்குள் நுழையும்போதே அவர் கடனாளி. சம்பளம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய், முன்பணம், தங்குமிடம், சாப்பாடு என்று பிடித்தது போக மீதி வருகிறது. கேட்டில் பூட்டு இல்லை, யாரும் அடிக்கவில்லை, ஆனாலும் அவரால் போக முடியாது. 1930-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை, தண்டனை அச்சுறுத்தலின் பேரில், மனமுவந்து முன்வராதவரிடம் வாங்கும் வேலையைத்தான் கட்டாய உழைப்பு என்கிறது. கடன்பிணை, சம்பளத்தை நிறுத்திவைப்பது, அடையாள ஆவணத்தைப் பிடுங்கி வைப்பது ஆகிய மூன்றும் அந்த அமைப்பு சொல்லும் 11 அறிகுறிகளில் உண்டு. 2021-க்கான அதன் மதிப்பீட்டின்படி உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள்.

தணிக்கைக்கு வருபவர் இந்தத் தொழிலாளியிடம் "யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், அதுவும் மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது. கேட்கவேண்டிய கேள்வி, "இந்த வேலைக்கு வர எவ்வளவு செலவானது, அது யார் கொடுத்த பணம், இன்னும் எவ்வளவு பாக்கி?" என்பதுதான். எங்களுக்கு வந்த எந்தக் கேள்வித்தாளிலும் இதைப் பார்த்ததில்லை.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை: உரிமம் பெற்ற ஏஜென்ட்டுகள், ஒப்பந்தக்காரர்களின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் போனிலேயே தேடிப் பார்க்கும்படி துறை வெளியிட வேண்டும். உரிமம் ரத்தானவர்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் வேறு பெயர்ப்பலகையோடு திரும்பி வருவார்கள். வேலை தேடி வருபவரிடம் தனியார் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கையின் பொது விதி. அந்தச் செலவு முதலாளியுடையது என்று துறை எழுத்துமூலம் ஆணையிட்டால், கமிஷனையும் சேர்த்து விலை சொல்ல எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

அடுத்தது, உண்மையைச் சொல்பவரின் நிலை. எங்கள் சப்ளையரிடம் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்து நாங்கள் சொன்னால், பெரிய நிறுவனம் அன்றே ஆர்டரை ரத்து செய்கிறது. தொழிலாளிக்குப் பாக்கிச் சம்பளமும் போய், கடன் மட்டும் மிஞ்சுகிறது. இப்படியிருந்தால் யார் வாய் திறப்பார்கள்? நல்லெண்ணத்தோடு தகவல் தரும் நிறுவனத்துக்குச் சரிசெய்ய அவகாசம், முதலில் தொழிலாளியின் பாக்கியும் ஆவணங்களும் அவர் கைக்கு, அப்புறம் மற்ற நடவடிக்கை என்று ஒரு நடைமுறையை வகுக்க வேண்டும். குற்றம் செய்தவருக்குச் சலுகை கேட்கவில்லை.

தொழிலாளர்கள் பேசும் மொழிகளிலேயே எடுத்துப் பேசும் புகார் எண்ணும், ஆய்வின்போது அவர்களிடம் தனியே பேசும் வழக்கமும் வேண்டும். கேள்வித்தாளும் ஆளுக்கொரு மாதிரி இல்லாமல், துறையே ஒரே சுருக்கமான படிவம் தந்தால் நல்லது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விலையைக் குறைத்து, கெடுவையும் சுருக்கி, பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தால் எங்கள் போன்றவர்கள் கடைசி நேரத்தில் ஒப்பந்த ஆளைத்தான் தேடிப் போவோம். ஆய்வு செய்யும்போது பெரிய நிறுவனங்களின் ஆர்டர் தேதி, பணம் கொடுத்த தேதி இரண்டையும் சேர்த்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேலே சொன்ன 1930 உடன்படிக்கையோடு சேர்க்க 2014-ல் ஏற்கப்பட்ட நெறிமுறை, நிறுவனங்கள் செய்யும் முன்னெச்சரிக்கை ஆய்வுக்குத் துணைநிற்பதை அரசின் தடுப்பு நடவடிக்கைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அந்தத் துணையைத்தான் கேட்கிறோம். துறை ஒரு கலந்தாய்வுக் கூட்டம் கூட்டினால், எங்கள் சப்ளையர் பட்டியலோடும் ஒப்பந்த நகல்களோடும் வரத் தயாராக இருக்கிறேன். எடுக்கும் முடிவை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(உரிமையாளர்)