பூட்டிய ஐபோனுக்கு 31,000 ரூபாயா?

சென்னை,
21.8.2008

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. நாளை ஐபோன் 3ஜி இந்தியாவில் விற்பனைக்கு வருகிறது, சென்னைக் கடைகளில் கூட்டம் சேரும் முன்பே எனக்கொன்று எடுத்து வை என்று எழுதியிருக்கிறாய். போனில் பேசினால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று மறுப்புகளைச் சொல்லிவிடுவாய். ஆகவே எழுத்திலேயே பதில் தருகிறேன். இது உன் கைக்கு வரும்போது அந்தப் போன் கடைக்கு வந்திருக்கும். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. இந்த விலைக்குச் சரக்கு ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

8 ஜி.பி. உள்ளது 31,000 ரூபாய், 16 ஜி.பி. உள்ளது 36,100 ரூபாய். இங்கே விற்கப்போகிறவர்கள் ஏர்டெல், வோடஃபோன் இருவர் மட்டுமே. நியூஜெர்சியில் இருக்கும் உன் அக்கா மகன், ‘இங்கே 199 டாலர்தான், உங்களை ஏமாற்றுகிறார்கள்’ என்று கொதித்ததாக எழுதியிருந்தாய். அவன் கோபத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஜூன் 9ஆம் தேதி ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, உலகம் முழுவதும் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் அதிகபட்ச விலை 199 டாலர்தான் என்று அறிவித்ததைக் கேட்டுத்தான், எட்டாயிரமோ ஒன்பதாயிரமோ கொடுத்தால் கிடைத்துவிடும் என்று இங்கே எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தோம். ஆனால் அந்த 199 டாலரோடு அமெரிக்காவில் கதை முடிவதில்லை என்பதை அவன் உன்னிடம் சொல்லவில்லை. ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பேச்சுக்குக் குறைந்தது 39.99 டாலர், இணையத்துக்கு 30 டாலர், ஆக மாதம் ஏறத்தாழ 70 டாலர். 24 மாதத்துக்கு 1,680, போனின் விலையையும் சேர்த்தால் 1,879 டாலர். டாலருக்கு 43 ரூபாய் என்று வைத்தால் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது; குறுஞ்செய்திக்கும் வரிக்கும் தனியாகக் கட்ட வேண்டும். மீதிப் பணத்தை மாதாமாதம் கறந்துகொள்ளலாம் என்கிற தைரியத்தில்தான் அங்கே போனை மலிவாகக் கொடுக்கிறார்கள். நம் நாட்டிலோ பெரும்பாலோர் பெட்டிக்கடையில் ரீசார்ஜ் செய்துகொள்ளும் ப்ரீபெய்டு வாடிக்கையாளர்கள். ஒப்பந்தம் போட்டு யாரைக் கட்டிவைப்பது? எனவே முழு விலையைக் கேட்கிறார்கள். கேட்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு வேறு. முழு விலையை வாங்கிக்கொண்ட பிறகும் போனைப் பூட்டியே கொடுக்கிறார்கள். ஏர்டெல்லிடம் வாங்கினால் அதில் ஏர்டெல் சிம் மட்டும்தான் வேலை செய்யும், வோடஃபோனிடம் வாங்கினால் வோடஃபோன் சிம் மட்டும்தான். நிறுவனம் தன் கைப்பணத்தைப் போட்டு விலையைக் குறைத்திருந்தால், போட்ட பணம் திரும்பும் வரை என்னோடு இரு என்று சொல்வதில் பொருள் உண்டு. இங்கே அது போட்டது என்ன? வீட்டை முழுக் கிரயம் கொடுத்து வாங்கிய பிறகும் வாசல் சாவி விற்றவர் இடுப்பிலேயே இருக்கும் என்றால் நீ ஒப்புக்கொள்வாயா? பெல்ஜியத்தில் ஒரு பொருளை இன்னொன்றோடு கட்டி விற்பதைச் சட்டம் தடுக்கிறது. அங்கே இதே 8 ஜி.பி. போன் 525 யூரோவுக்குப் பூட்டில்லாமல் விற்கிறது. நம் பணத்தில் 33,000 ரூபாய்க்குச் சற்று மேல். நாம் அதைவிட இரண்டு மூவாயிரம் குறைவாகக் கொடுத்து, பூட்டை இலவசமாகப் பெற்றுக்கொள்ளப் போகிறோம். சென்ற ஆண்டு ஜெர்மனியில் வோடஃபோன் நிறுவனமே நீதிமன்றம் போய், போட்டியாளரான டி-மொபைல் ஐபோனைப் பூட்டி விற்பதற்குத் தடை வாங்கியது. டி-மொபைல் கொஞ்ச காலம் அதைப் பூட்டில்லாமல் 999 யூரோவுக்கு விற்க நேர்ந்தது. அங்கே பூட்டை எதிர்த்து வழக்காடிய அதே வோடஃபோன் இங்கே பூட்டோடு கடை திறக்கிறது.

இனி உன் எண்ணுக்கு வருகிறேன். உன் சிம் ஏர்செல் நிறுவனத்துடையது. டவுனில் உன் கடைப் பலகையில், பில் புத்தகத்தில், தென்காசிக்கும் தூத்துக்குடிக்கும் போகும் ஒவ்வொரு மருந்துப் பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் அந்தப் பத்து இலக்கம்தான் இருக்கிறது. மொத்த வியாபாரமும் அதன் வழியாகத்தான் வருகிறது. ஏர்செல்லுக்கு ஐபோன் கிடையாது, பி.எஸ்.என்.எல்.லுக்கும் கிடையாது. ரிலையன்ஸும் டாடாவும் சி.டி.எம்.ஏ. என்ற வேறு தொழில்நுட்பத்தில் நடத்தும் சேவைக்கு இந்தப் போன் பொருந்தவே பொருந்தாது. வோடஃபோன் கடந்த மே மாதம் பத்து நாடுகளுக்குச் சேர்த்து ஆப்பிளோடு பேசி முடித்தது, அதில் நம் நாடும் ஒன்று. ஏர்டெல்லுக்கோ அதில் பங்கு வைத்திருக்கும் சிங்கப்பூர் நிறுவனமான சிங்டெல் வழியாக வந்தது. நம் ஊரில் யார் கையில் எந்த சிம் இருக்கிறது என்று பார்த்து எடுத்த முடிவு அன்று இது.

பழைய நோக்கியாவில் ஏர்செல்லையும் ஐபோனில் ஏர்டெல்லையும் வைத்துக்கொண்டு இரண்டு போனாகச் சுமக்கிறேன் என்கிறாய். அப்படியானால் வியாபாரிகள் எல்லோரும் நோக்கியாவைத்தான் அழைப்பார்கள். யாரும் அழைக்காத எண்ணுக்கு 31,000 ரூபாய்ப் போன் வைத்திருப்பாய். இம்மாதம் முதல் தேதி தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட நெறிமுறைகளில், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதிக்கானவையும் உண்டு. அது நடைமுறைக்கு வந்துவிட்டால் உன் ஏர்செல் எண்ணோடு நீ எங்கு வேண்டுமானாலும் போகலாம், இந்த வாதத்தில் பாதி தானாகவே விழுந்துவிடும். ஆனால் நெறிமுறை வந்துவிட்டது என்பதற்காக வசதியும் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே, அரசாங்கக் காரியம்.

அடுத்தது பெயரிலேயே இருக்கும் 3ஜி. இதைத்தான் நீ உன் கடிதத்தில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறாய். நாளை ஏர்டெல்லிலும் சரி, வோடஃபோனிலும் சரி, 3ஜி கிடையாது. அதற்கான அலைவரிசையை அரசு இன்னும் ஏலமே விடவில்லை. அதே முதல் தேதி அறிவிப்பின்படி, தனியார் நிறுவனங்கள் ஏலத்தில் எடுக்க வேண்டும், பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். இரண்டுக்கும் ஏலத்தில் போட்டியிடாமலே அலைவரிசை கிடைக்கும், பணத்தை மட்டும் ஏலத்தில் முடியும் தொகைக்கு ஏற்பக் கட்டினால் போதும். ஆகவே நாட்டில் 3ஜியை முதலில் தரப்போவது அரசு நிறுவனங்கள்தான். வேடிக்கையைப் பார்: 3ஜி போனை விற்பவர்களிடம் 3ஜி இல்லை, 3ஜி வரப்போகிற பி.எஸ்.என்.எல்.லின் சிம்மை அந்தப் போன் ஏற்காது. அதுவரை மெதுவான 2ஜி எட்ஜ் இணைப்பில்தான் ஓட்ட வேண்டும். இதில் ஒரே ஆறுதல், 3ஜியில் பேசினால் 5 மணி நேரமும் பழைய 2ஜியில் பேசினால் 10 மணி நேரமும் பேட்டரி தாங்கும் என்று ஆப்பிள் சொல்கிறது. ஆக உலகத்திலேயே நீண்ட நேரம் ஐபோனில் பேசப்போகிறவர்கள் நாம்தான்!

போனை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்காதே. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சென்ற ஆண்டு வந்த பழைய மாடலை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து, பூட்டை உடைத்து வைத்திருக்கிறார். மதிய உணவு வேளையில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பெயர்ப் பட்டியலை விரலால் ஒரு தள்ளு தள்ளினால் அது ஓடி, தானாக வேகம் குறைந்து நிற்கிறது. பட்டியல் முடிந்த இடத்தில் இன்னும் இழுத்தால் ரப்பரைப் போல நீண்டு, விட்டவுடன் தன் இடத்துக்குத் திரும்புகிறது. ஒரு குழுப்படத்தில் இரண்டு விரலை வைத்து விரித்தேன், பின்வரிசையில் நின்றவரின் முகம் திரை முழுவதும் வந்தது. எழுத்தைத் தொட்டால் விரல் மறைக்காதபடி அது மேலே பெரிதாக எழும்பிக் காட்டுகிறது. பட்டனை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் தேய்ந்த நமக்கு, இத்தனை காலம் இதை ஏன் ஒருவரும் செய்யவில்லை என்றுதான் தோன்றும். அந்த மூன்றரை அங்குலத் திரையைத் தொட்ட கையால் வேறு போனைத் தொடும்போது கொஞ்சம் சலிப்பாகவே இருந்தது. உண்மையை மறைத்து என்ன ஆகப்போகிறது!

ஆனால் அதில் இல்லாதவற்றின் பட்டியலும் நீளமானது, நாளை வரும் புது மாடலும் இதில் மாறவில்லை. கேமரா 2 மெகாபிக்சல், ஃப்ளாஷ் இல்லை, வீடியோ எடுக்க முடியாது. மெமரி கார்டு செருக முடியாது, பேட்டரியை நாமாகக் கழற்றி மாற்ற முடியாது. எழுதியதை ஓரிடத்தில் வெட்டி இன்னோர் இடத்தில் ஒட்டும் வசதிகூட இல்லை. ப்ளூடூத்தில் ஒரு படத்தை அடுத்தவர் போனுக்கு அனுப்ப முடியாது, செய்தியோடு படத்தை அனுப்பும் எம்.எம்.எஸ். கிடையாது. தமிழில் தட்டச்சு செய்ய வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த குறுஞ்செய்தியை இன்னொருவருக்கு அப்படியே ஃபார்வர்டு செய்ய முடியாது. விடிவதற்கு முன்பே எங்கள் எல்லோருக்கும் பொன்மொழியும் நகைச்சுவையும் அனுப்பிவைக்கும் உனக்கு இது எத்தகைய இழப்பு என்பதை நினைத்துப் பார்த்தேன். எங்களுக்கு ஆதாயம்தான், அது வேறு விஷயம். அமெரிக்காவில் 3ஜியில் பேசும்போது அழைப்பு அறுபடுகிறது என்ற புகார் ஒருபக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் திங்கட்கிழமைதான் 2.0.2 என்று ஒரு புது மென்பொருளை வெளியிட்டிருக்கிறார்கள்.

இந்தக் குறைகளில் பலவும் மென்பொருளால் சரியாகக்கூடியவை என்பதால் நான் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் போனில் உண்மையான புதுமை, ஜூலை 10ஆம் தேதி அவர்கள் திறந்த ஆப் ஸ்டோர் என்பது என் கருத்து. ஏறத்தாழ 500 செயலிகளோடு தொடங்கி, முதல் வார இறுதிக்குள் ஒரு கோடிப் பதிவிறக்கம் நடந்திருக்கிறது. யாரோ ஒருவர் எழுதிய நிரலை நம் போனில் நாமே இறக்கிப் போட்டுக்கொள்வதை இவ்வளவு எளிதாக இதுவரை யாரும் செய்து காட்டவில்லை. இம்மாதம் ஒருவர், சிவப்புக் கல் ஒன்று திரையில் மின்னுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒரு செயலியை 999.99 டாலருக்கு விற்பனைக்கு வைத்தார். ‘நான் பணக்காரன்’ என்பது அதன் பெயர். ஆப்பிள் அதை நீக்குவதற்குள் எட்டுப் பேர் வாங்கிவிட்டார்கள்! ஆனால் செயலிகளை இறக்கவும் நல்ல இணைப்பு வேண்டும். சுற்றிச் சுற்றி அலைவரிசைக்கே வந்து நிற்கிறோம்.

பர்மா பஜாரில் பூட்டுடைத்துத் தருவார்களே என்று நீ கேட்பாய். பழைய மாடலுக்குச் செய்கிறார்கள், பில்லும் கிடையாது, வாரண்டியும் கிடையாது. சென்ற செப்டம்பரில் ஆப்பிள் விட்ட ஒரு புது மென்பொருளை ஏற்றியவர்களில், பூட்டுடைத்து வைத்திருந்த பலருடைய போன் செயலிழந்து வெறும் செங்கல்லாகிப் போனது. நோக்கியாவின் என்-95 மாடலை வாங்கினால் 5 மெகாபிக்சல் கேமரா, வீடியோ, 3ஜி, ஜி.பி.எஸ். எல்லாம் உண்டு, எந்த சிம்மையும் போடலாம். உனக்கு மனம் ஒப்பாது என்று தெரியும். கூகிளின் ஆண்ட்ராய்டு மென்பொருளை வைத்து எச்.டி.சி. ஒரு போன் தயாரித்து வருகிறது, அமெரிக்காவில் டி-மொபைல் அதை விற்கும் என்று பேச்சு. அது நம் ஊர் வருவதற்கு நாளாகும், இருந்தாலும் போட்டி வந்தால் இந்த விலை இப்படியே நிற்காது.

ஆகவே தீபாவளி வரை பொறு என்பதே என் யோசனை. சனிக்கிழமை நான் கடைக்குப் போய், காட்சிக்கு வைத்திருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். பூட்டைப் பிறகு கழற்றித் தருவார்களா, தருவதென்றால் எத்தனை மாதம் கழித்து, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டு எழுதுகிறேன். வாய்ச்சொல்லை நம்பாமல், பில்லிலோ வாரண்டி அட்டையிலோ இதைப் பற்றி என்ன அச்சிட்டிருக்கிறார்கள் என்றும் பார்த்துவிடுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் வேண்டும் என்றே முடிவு செய்தால், 16 ஜி.பி.க்கு ஆசைப்படாமல் 8 ஜி.பி. எடுத்துக்கொள். எந்த நிறுவனம் என்பதை நீதான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கடைப் பையன்களிடமிருந்து ஏர்டெல் சிம் ஒன்றும் வோடஃபோன் சிம் ஒன்றும் ஒரு நாளைக்கு வாங்கி, உன் பழைய நோக்கியாவில் மாற்றி மாற்றிப் போட்டு, கிட்டங்கியின் உள்ளறையில் எதற்குச் சிக்னல் நிற்கிறது என்று பார்த்து எழுது. அந்த அறையில் ஏர்செல்லே தடுமாறும்.

அன்புடன்,
கதிரேசன்